நந்தனை இன்னும் எத்தனை தடவை எரிப்பார்கள்?

தோழர்களுக்கு,

சீசன் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தென்காசியில் காலையில் வாசகர் வட்டக் கூட்டம் முடிந்து, மாணவத் தோழர்கள் ஏழெட்டுப் பேரோடு குற்றாலம் போனோம். ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு ஈரத்துணியோடு டீக்கடையில் வந்து உட்கார்ந்தால், கடைக்காரர் பழைய பாட்டாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு பாட்டு, எம்.எம். தண்டபாணி தேசிகர் குரல், 'நந்தனார்' படத்தில் வருவது. எனக்கு டம்ளர் கையிலேயே நின்றுபோனது. "இந்த மாதிரிப் பாட்டெல்லாம் இனி வருமா?" என்றார் வயதில் மூத்த தோழர் ஒருவர். பக்கத்தில் இருந்த சட்டக்கல்லூரி மாணவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நம்மள எரிச்ச படத்துப் பாட்டு தோழர் அது. அதுல என்ன சொகம் கேக்கு ஒங்களுக்கு?"

அவ்வளவுதான். இருட்டும் வரைக்கும் சண்டை. கலை வேற அரசியல் வேற, பாட்டைப் பாட்டாகக் கேளுங்க என்று ஒரு பக்கம். இந்தப் பழைய படம், பழைய பாட்டு எல்லாத்தையும் மூட்டை கட்டி ஆத்துல விட்டாத்தான் நமக்கு விடுதலை என்று இன்னொரு பக்கம். அந்தச் சண்டையில் நான் சரியாகப் பேசவில்லை. அங்கே சொல்ல முடியாமல் போனதைத்தான் இந்தத் தலையங்கத்தில் சொல்கிறேன். ரெண்டு பக்கத்தோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை.

எங்க அய்யா மைக் செட் கட்டப் போனவர். ஊர்க் கோயில் கொடை வந்தால் முதலாளி அவரைத்தான் அனுப்புவார். புளியமரத்தில் ஏறிக் கூம்புக் குழாயைக் கோயிலைப் பார்த்துக் கட்டுவார். இசைத்தட்டைத் துடைத்து ஊசியை வைப்பார். பக்திப் பாட்டு வரிசையில் 'நந்தனார்' பாட்டும் உண்டு. பாட்டு நேராகக் கருவறை வரைக்கும் போகும். அய்யா போகமுடியாது. திருநீறு வெளியே வரும், தட்டில் இல்லை, இலையில். அந்த ஊர்ப் பேரை இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் மற்ற ஊரெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். அய்யா அந்தப் பாட்டை வீட்டிலும் முணுமுணுப்பார், கண்ணில் தண்ணி நிற்கும். சின்ன வயசில் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே நிற்கிறவனுடைய வேதனையை அந்தக் குரல் ஒழுங்காகச் சொல்லிவிட்டது, அதனால் அழுதார் என்று பிறகுதான் விளங்கிற்று. பாட்டு அவருக்குச் சொந்தமாகத்தான் இருந்தது. கதைதான் வேறு யாருக்கோ சொந்தமாக இருந்தது.

அந்தக் கதையைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்றைக்கு 'ரீமேக்' பற்றி ஆளாளுக்குப் பேசுகிறார்கள். பழைய படத்தை மறுபடி எடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று புலம்புகிறார்கள். தமிழ் சினிமா திரும்பத் திரும்ப எடுத்த கதைகளில் முக்கியமான ஒன்று ஒரு புலையனின் கதை. பேசாப்படக் காலத்திலேயே நந்தன் திரைக்கு வந்துவிட்டான். பேசும் படம் வந்தபிறகு 1935-ல் அசன்தாஸ் கிளாசிக்கல் டாக்கீஸ் 'பக்த நந்தனார்', 1942-ல் ஜெமினியில் எஸ்.எஸ். வாசன் எடுத்த 'நந்தனார்'. நடிகரை மாற்றினார்கள், பாட்டை மாற்றினார்கள், கேமராவை மாற்றினார்கள். தீக்குழியை மட்டும் யாரும் மாற்றவில்லை.

சினிமாவுக்கு முன்னாலும் இது ரீமேக்தான். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதையைச் சொல்கிறார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தன், கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுக்கிறான், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுக்கிறான். அவன் கொடுத்த தோலில் எழும்பிய சத்தம் உள்ளே இருக்கிறது, அவன் வெளியே இருக்கிறான். திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது, வாசல் விலகவில்லை. கடைசியில் தில்லையில் தீ. தீக்குள் இறங்கிப் பூணூலோடு எழுந்தான் என்கிறது புராணம். அதாவது உள்ளே போனவன் நந்தன் இல்லை. நந்தனை அழித்துவிட்டு ஒரு பார்ப்பன முனிவரைத்தான் உள்ளே விட்டார்கள்.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இதை நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாக்கினார். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு ஆளை அவர் கொண்டுவந்தார், நிலவுடைமைக்கார வேதியர். இதை நான் பாரதிக்கு ஆதரவாகவே சொல்கிறேன். நந்தனை வாசலில் நிறுத்துகிறவன் யார், அவன் சோற்றுக்கு எவன் வயலில் கிடக்கிறான் என்பது அந்தக் கீர்த்தனையில் தெரிந்துவிட்டது. சிதம்பரம் போக உத்தரவு கேட்டால், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குக் குறையாது, நாற்பது வேலி என்றால் 260 ஏக்கர். அது ஒரே ராத்திரியில் விளைந்துவிடுகிறது, தெய்வச் செயலால்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. தலைமுறை தலைமுறையாக அந்த நாற்பது வேலியை விளைவித்தது யாருடைய கை? நம்ம ஆத்தா, நம்ம தாத்தா, அவங்க பிள்ளைகுட்டி. அந்த உழைப்பைக் கதையில் தூக்கிச் சாமி கணக்கில் எழுதிவிட்டார்கள். கூலிக் கேள்வியே எழாது. அதே கீழத் தஞ்சை மண்ணில் 1968 டிசம்பர் 25-ல் கீழவெண்மணியில் நம்ம சனம் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்களே, எதற்காக? நெல் கூலி கூடக் கேட்டதற்காக, சங்கம் வைத்ததற்காக. அந்தத் தீயிலிருந்து யாரும் பூணூலோடு எழுந்து வரவில்லை. குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழாரை 1973-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. எந்தத் தீயைப் புனிதம் என்று பாட்டாகவும் படமாகவும் பழக்கியிருக்கிறார்களோ அதையேதான் சேரிக்குள்ளும் கொண்டுவந்தார்கள்.

இப்போது நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். 1935 படத்தில் நந்தனாக நடித்தவர் ஒரு பெண், கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினார். அந்தக் காலத்தில் அது கேள்விப்படாத தொகை. தென்காசியிலிருந்து பஸ் ஏறினால் அரை மணியில் செங்கோட்டை, அந்த ஊர்க்காரரான எஸ்.ஜி. கிட்டப்பாவைத்தான் அவர் மணந்திருந்தார். கிட்டப்பா பார்ப்பனர், 1933-ல் இருபத்தேழு வயதில் செத்துப்போனார். அதன் பிறகு சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைதான், ஆண் நடிகருக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவுதான். ஆகவே நந்தன் வேஷம். புருஷன் செத்தவள் என்று ஊர் ஒதுக்கிவைக்கும் ஒரு பெண், தீண்டாதவன் என்று ஊர் ஒதுக்கிவைக்கும் ஒருவனின் குரலில் பாடுகிறாள். இதை நினைத்துக்கொண்டு அந்தக் குரலைக் கேளுங்கள், அதில் இருப்பது வெறும் சங்கீதம் இல்லை என்று தெரியும்.

அந்தப் படத்தைக் கல்கி 'ஆனந்த விகடன்'-ல் கிழிகிழி என்று கிழித்தார். பனைமரமும் எருமைக்கடாவும் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பாணியில் கேலி. இருக்கட்டும், படம் சுமாராகக்கூட இருந்திருக்கலாம். ஏழு வருஷம் கழித்து அந்த விகடனின் முதலாளி வாசன்தான் மறுபடி நந்தனாரை எடுத்தார், முருகதாசா இயக்கத்தில், தேசிகரை நந்தனாகப் போட்டு. பாட்டு அற்புதம், சந்தேகமே இல்லை. ஆனால் 1935க்கும் 1942க்கும் நடுவில் நாட்டில் என்ன நடந்தது என்பதைப் பாருங்கள்.

செங்கோட்டை அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் நம்மோடு சேர்ந்தது. அந்தச் சமஸ்தானத்தில் 1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்துவிட்டது. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணம். சில மைல் தூரத்தில் ஒரு எல்லைக்கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் அரசுக் கோயில்கள் சட்டப்படி திறந்துவிட்டன, இந்தப் பக்கம் பூட்டு. பிறகு 1939 ஜூலை 8-ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்ட தோழர்கள் வைத்தியநாதய்யரோடு நுழைந்தார்கள். அதே ஆண்டில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 1947-ல் மாகாணம் முழுமைக்கும் சட்டம்.

மதுரையில் நுழைந்தவர்களில் ஒருத்தரும் எரியவில்லை, தோழர்களே. வேட்டி சட்டையோடு போனார்கள், வேட்டி சட்டையோடு திரும்பி வந்தார்கள். இது நடந்து மூன்று வருஷம் கழித்துத்தான் 1942 படம் வருகிறது. அப்போதும் நந்தன் தீயில் இறங்கித்தான் ஆகவேண்டும் என்கிறது. 1935-ல் எரித்தவர்களுக்கு அதுதான் கதை, வேறு தெரியாது என்று ஒரு சமாதானம் சொல்லலாம். 1942-ல் எரித்தவர்களுக்கு அதுவும் கிடையாது. கண்ணெதிரே வேறொரு முடிவு நடந்து முடிந்திருந்தது. அதைப் பார்க்க மனமில்லாமல் பழைய தீயையே நல்ல சங்கீதத்தோடு மறுபடி மூட்டினார்கள். இதுதான் அந்தக் கிளாசிக் மேல் என் குற்றச்சாட்டு.

அந்தத் தேசிகருக்கே என்ன நடந்தது? 1946-ல் திருவையாறு தியாகராசர் உற்சவத்தில் தமிழ்ப் பாட்டு பாடிவிட்டார். மேடையே தீட்டுப்பட்டுப் போயிற்று என்று பேச்சுக் கிளம்பியது. 'குடி அரசு' அதைப் பிடித்துக்கொண்டு 'தீட்டாயிடுத்து' என்று எழுதியது. திரையில் நந்தனாகப் பாடி எல்லோரையும் உருக வைத்தவருக்கு, நாலே வருஷத்தில் மேடையில் ஒரு துளி நந்தன் அனுபவம். உருகியவர்கள் எல்லாம் திருந்தியவர்கள் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 2020-ல் டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிற தலித் குடும்பங்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த இடத்தைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. சேக்கிழார் சொன்ன தோல்தான். தோல் உள்ளே, அதைப் பதம் பண்ணியவன் கதை வெளியே.

அப்படியானால் அந்தச் சட்டக்கல்லூரித் தோழர் சொன்னதுதானே சரி, எல்லாத்தையும் தூக்கி எறிந்துவிடலாமே? அவசரப்படாதீர்கள். நம்ம சனம் இந்தப் படத்தை எப்படிப் பார்த்தது என்பது இன்னும் பாக்கி இருக்கிறது.

சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு செய்தி சொல்கிறார்கள். 1935 படத்தில் வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். அந்த வேதியர் கடைசியில் நந்தன் காலில் விழுகிற காட்சி சனாதனிகளுக்குப் பொறுக்கவில்லை. 1942 படத்தில் அந்தக் காட்சி இல்லாமல் போயிற்று. கோலார் தங்கவயலில் நம்ம சுரங்கத் தொழிலாளிகள் சும்மா இருக்கவில்லை. எங்கே அந்தக் காட்சி என்று கேட்டுப் போராடினார்கள், வாசன் அதை எடுத்துச் சேர்க்க வேண்டியதாயிற்று என்கிறார்கள். சிவன் காட்சி கொடுத்தது போதாதா, சோதியில் கலந்தது போதாதா? போதாது என்றிருக்கிறார்கள். ஆண்டை குனிய வேண்டும், அதுதான் எங்களுக்குப் படம் என்றிருக்கிறார்கள். பக்திப்படம் என்று எடுத்து அனுப்பியதைச் சாதி ஒழிப்புப் படமாகப் பார்த்த கண் அது. எங்க அய்யாவின் கண்ணும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன். இந்தப் பார்வையை நாம் குப்பையில் போட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

தீ இல்லாமல் ரீமேக் செய்யவே முடியாதா? செய்து காட்டியிருக்கிறார்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1949-ல் 'நல்லதம்பி' படத்தில் கிந்தனார் காலட்சேபம் செய்தார், எழுதியவர் உடுமலை நாராயணகவி. அதே காலட்சேப மெட்டு, அதே பாகவதர் தோரணை. ஆனால் கிந்தன் சிதம்பரம் போகவில்லை, படிக்கப் பட்டணம் போகிறான். நெருப்பில் இறங்கவில்லை, ரயிலில் ஏறுகிறான். ரயிலில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று தீட்சிதர் வந்து தீர்மானிக்க முடியாது. பழைய பாட்டைப் பகடி பண்ணித்தான் செய்தார், ஆனால் பாட்டைக் கொச்சைப்படுத்தவில்லை. என்னைக் கேட்டால் நந்தன் ரீமேக்குகளிலேயே ஒழுங்கான ரீமேக் அந்தச் சில நிமிஷம்தான்.

அதுவும் ஆகாயத்திலிருந்து வந்தது இல்லை. 1916-லேயே சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கிவிட்டார். எந்த ஊரில் நந்தனை எரித்ததாகச் சொன்னார்களோ அந்த ஊரிலேயே, அவன் பேரிலேயே, சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அதற்கும் முன்னால் அயோத்திதாசப் பண்டிதர் நந்தன் பக்தனே இல்லை, சதியால் கொல்லப்பட்ட பௌத்த அரசன் என்று கதையைத் தலைகீழாகத் திருப்பினார். அவர் எழுத்துகளை 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, நம்ம பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. இன்னும் படிக்காத தோழர்கள் தயவுசெய்து படியுங்கள்.

இந்தப் பக்கத்திலேயே இன்னொரு ரீமேக்கும் நடந்தது, திரையில் இல்லை, தரையில். தென்காசிக்குப் பக்கத்து மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19. சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனார்கள். நந்தனுக்குத் திருநாளைப்போவார் என்று பேர் வந்ததே, நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று தள்ளிப்போட்டதால்தானே? மீனாட்சிபுரத்து ஆட்கள் இன்றைக்கே போகிறோம் என்றார்கள், வேறு வாசல் வழியாக. அதுவரை அந்த ஊர்ச் சேரியை எட்டிப் பார்க்காத டெல்லித் தலைவர்கள் எல்லாம் பதறியடித்து ஓடிவந்தார்கள். மதம் மாறுவதுதான் தீர்வா என்று நமக்குள் விவாதம் உண்டு, தொடரட்டும். ஆனால் நெருப்பில் இறங்கி உங்களைப் போல ஆகி உள்ளே வரமாட்டோம் என்று ஒரு ஊரே சொன்னது பெரிய விஷயம். இந்தக் கதையைப் பெரிய திரையில் நான் இதுவரை பார்த்ததில்லை.

சமீபத்தில் மாற்றம் இல்லாமல் இல்லை. 2018-ல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' வந்தது. நம்ம திருநெல்வேலிச் சீமைக் கதை. பரியன் கிந்தனின் பேரன். படிக்கப் போன இடத்தில் அடிபடுகிறான், ஆனாலும் படிப்பை விடவில்லை. 2024-ல் இரா. சரவணன் இயக்கிய 'நந்தன்' வந்தது, பேரே அதுதான். சிதம்பரத்துக்குப் பதில் அங்கே ரிசர்வ் பஞ்சாயத்தின் தலைவர் நாற்காலி, வேதியருக்குப் பதில் ஊர்ப் பெரிய சாதிக்காரர். 1997-ல் மேலவளவில் முருகேசன் அந்த நாற்காலிக்காகத்தானே வெட்டப்பட்டார்? வாசல் எது என்று சினிமா இப்போதுதான் சரியாகக் காட்டத் தொடங்கியிருக்கிறது. கோயில் வாசலும் தீர்ந்துபோன விவகாரம் இல்லை. 2023 ஜனவரியில் திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் போலீஸ் பாதுகாப்போடுதான் நம்ம ஆட்கள் மாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். அதே வருஷம் ஜூனில் விழுப்புரம் மேல்பாதியில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள்.

ஆகவே என் கருத்து இது. பாட்டை விட்டுக்கொடுக்காதீர்கள். சுந்தராம்பாளும் தேசிகரும் நமக்கும் சொந்தம், அந்தத் தோலும் நரம்பும் நாம் கொடுத்தது. ஆனால் பாட்டின் இனிப்பில் அந்தத் தீயைச் சேர்த்து விழுங்காதீர்கள். எந்தப் பழைய படம், எந்தப் புதிய ரீமேக் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் உழைப்பு யார் கணக்கில் எழுதப்படுகிறது? வாசலை மறிக்கிறவனுக்கு முகம் இருக்கிறதா? உள்ளே போகிறவன் அவனாகவே போகிறானா, வேறொருத்தனாக ஆக்கப்பட்டுத்தான் போகிறானா?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்க வீட்டுப் பெரியவர்களிடம் போய், பழைய படங்களை அவங்க எப்படிப் பார்த்தாங்க, கொட்டகையில் எங்கே உட்கார்ந்தாங்க, எந்த இடத்தில் கை தட்டினாங்க, எந்தப் பாட்டுக்கு அழுதாங்க என்று கேட்டு, அவங்க பேச்சிலேயே எழுதி அனுப்புங்க. இலக்கணம் பார்க்க மாட்டோம், அப்படியே போடுவோம். கோலார் தங்கவயலில் நடந்தது போல நம்ம ஊர்க் கொட்டகைகளில் என்னென்ன நடந்ததோ, அது எந்தச் சினிமாப் புத்தகத்திலும் இருக்காது.

டீக்கடையில் கோபப்பட்ட தோழருக்குத் தனியாக ஒன்று. அன்றைக்கு நீங்க கேட்ட கேள்வி சரியான கேள்வி. சொகம் கேட்டு அந்தப் பாட்டைக் கேட்கவில்லை தோழர். புளியமரத்தில் குழாய் கட்டிவிட்டு வெளியே நின்ற ஒரு ஆளை நினைத்துத்தான் கேட்டேன்.

தோழமையுடன்,
ஆசிரியர்